வெள்ளிக்கிழமை இல்லாத கடல்

வட்டிலப்பம் தீர்ந்ததும் பிளாஸ்டிக் கோப்பையைக் கவிழ்த்து அடியைப் பார்க்கிறார் அகீலா. தில்லையடியில் ஒரு கலியாண வீடு. ஆறு பெண்கள் ஒரு சஹனைச் சுற்றி உட்கார்ந்து, ஒரே தட்டில் ஆளுக்கொரு பக்கமாகச் சோற்றை முடித்து, இப்போது இனிப்புக்கு வந்திருக்கிறார்கள். மற்ற ஐந்து பேரும் மணமகளின் நகையைப் பற்றிக் கதைக்கிறார்கள். இவர் மட்டும் கோப்பையின் அடியில் முக்கோணத்துக்குள் இருக்கும் இலக்கத்தைக் கண்ணைச் சுருக்கி வாசிக்கிறார். பிறகு அதைக் காதோடு வைத்து மெல்ல நெரிக்கிறார். கேட்ட சத்தம் பிடித்திருக்க வேண்டும், முகம் மலர்கிறது. கை கழுவத் தண்ணீர் வரும்போது கோப்பையையும் கழுவிக் கைப்பைக்குள் போட்டுக்கொள்கிறார்.

"ஏன் மச்சி, வீட்டுல கோப்ப இல்லயா?" என்கிறார் பக்கத்திலிருந்தவர்.

"இருக்கு. இப்பிடிச் சத்தம் போடுற கோப்பதான் இல்ல."

ஐந்து பேரும் சிரிக்கிறார்கள். அகீலாவும் சிரிக்கிறார். இப்படிச் சிரிக்கவிட்டே இந்த ஊரில் அரைவாசி வீடுகளின் குப்பையை அவர் பார்த்து முடித்துவிட்டார்.

கலாநிதி அகீலாவுக்கு வயது நாற்பத்து நான்கு. புத்தளத்திலிருந்து ஒன்றரை மணி நேரம் உள்ளே போனால் வரும் ஒரு பல்கலைக்கழகத்தில் பிளாஸ்டிக்கைப் பற்றி ஆராய்வதும் கற்பிப்பதும் அவருடைய தொழில். பழைய பிளாஸ்டிக்கை எப்படித் திரும்பப் பாவிப்பது, புதிதாகச் செய்வதை எப்படி உக்கிப்போகிற மாதிரிச் செய்வது என்ற இரண்டு கேள்விகளோடு பதினெட்டு வருஷத்தை ஓட்டியிருக்கிறார். அதைக் கேட்கிறவர்களுக்கு அவர் இப்படி நீட்டி விளக்குவதில்லை. "உலகத்துல எல்லாத்துக்கும் சாவு இருக்கு, மௌத்து இருக்கு. பிளாஸ்டிக்குக்குத்தான் இல்ல. அதுக்கொரு மௌத்தத் தேடிக் குடுக்கிறதுதான் என்ட வேல," என்பார். கேட்டவர் அதற்குமேல் கேள்வி கேட்டதாகச் சரித்திரம் இல்லை.

டொக்டர் என்ற பட்டத்தால் வந்த உபத்திரவமும் ஒன்று உண்டு. பிரஷர் குளிசை அட்டையைத் தூக்கிக்கொண்டு அக்கம்பக்கத்தார் வந்துவிடுவார்கள். அகீலா விரட்டமாட்டார். அட்டையை வாங்கி வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, ஓரத்தை நகத்தால் கிளப்பிப் பார்ப்பார். "மேல ஒரு சாமான், கீழ இன்னொரு சாமான். ரெண்டையும் சேத்து ஒட்டி வெச்சிருக்கானுகள், பாவியள். இனி யாராலயும் பிரிக்கேலா," என்று உண்மையாகவே கவலைப்படுவார். "அதிருக்கட்டும் டொக்டர், குளிச சாப்பாட்டுக்கு முந்தியா பிந்தியா?" என்று வந்தவர் கேட்டால், "அத டொக்டரிட்டக் கேளுங்க," என்று அட்டையைத் திருப்பிக் கொடுப்பார்.

கணவர் முபாறக்குக்கு மதுரங்குளிச் சந்தியில் ஹாட்வெயார் கடை. வாளி, தண்ணீர்த் தாங்கி, ஹோஸ், பிவிசி குழாய் என்று கடை வாசல்வரை பிளாஸ்டிக்தான். "வித்தா எனக்கு வேல, உடைஞ்சா உனக்கு வேல. அல்லாஹ் பொருத்தம் பாத்துத்தான் சேத்திருக்கான்," என்பது முபாறக்கின் நிரந்தரப் பகிடி. வீட்டின் பின்பக்கத்து அலுமாரி ஒன்றை அகீலா தன் சொந்த ஆட்சியில் வைத்திருக்கிறார். அதற்குள் உடைந்த செருப்பு, முறிந்த சீப்பு, உரப்பைத் துண்டு, இறால் பண்ணைக் குளத்தின் அடியில் விரிக்கும் கறுப்புப் பொலித்தீன், ஒவ்வொன்றின் மேலும் ஊரும் திகதியும் எழுதிய ஒட்டுத்தாள். உடுப்பு வைக்க அந்த அலுமாரியைக் கேட்டு முபாறக் பத்து வருஷமாகத் தோற்றுக்கொண்டிருக்கிறார்.

சத்தத்தை வைத்துச் சாமானைக் கண்டுபிடிக்கும் இந்தப் பழக்கம் பல்கலைக்கழகத்தில் வந்ததல்ல. தொண்ணூறாம் ஆண்டு மன்னாரிலிருந்து முஸ்லிம்கள் எல்லோரோடும் சேர்த்து வெளியேற்றப்பட்டு வந்தபோது அவருக்கு ஒன்பது வயது. புத்தளம் பஸ் நிலையத்துக்கருகில் வாப்பா ஒரு பெட்டிக்கடை போட்டார். பாடசாலை விட்டு வந்ததும் மகளுக்கு ஒரே வேலை, சிலிசிலி பேக் என்கிற மெல்லிய பொலித்தீன் பையின் வாயைத் திறந்து கொடுப்பது. புதுப் பைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு உயிரை வாங்கும். விரலால் தேய்த்து, காதோரம் கசக்கி, சில பை சலசலக்கிறது, சில பை முனகுகிறது, சில பை ஒரு மாதத்திலேயே பொடிந்துவிடுகிறது என்று பிள்ளை கண்டுபிடித்தது. ஏன் என்று கேட்டதற்கு, "கொம்பெனிக்காரன்ட கள்ள வேல," என்றார் வாப்பா. அந்தப் பதிலில் திருப்தி வராமல்தான் அகீலா இரசாயனம் படித்தார்.

பிறகு உதவித்தொகை கிடைத்துக் கொரியாவுக்குப் போனார். "மகள் கொரியாவுல," என்று வாப்பா பள்ளிவாசலில் சொன்னபோது, "எந்த பெக்டரி?" என்று கேட்டார்கள். இங்கிருந்து கொரியாவுக்குப் போகிறவர்கள் எல்லோரும் தொழிற்சாலைக்குத்தானே போகிறார்கள். வாப்பா முதல் இரண்டு தடவை விளக்கிப் பார்த்தார், மூன்றாம் தடவையிலிருந்து "பெரிய பெக்டரி" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினார். அகீலா பட்டத்தோடு திரும்பியபோது விமான நிலையத்தில் அழுதது வாப்பா ஒருவர்தான். அவர் மௌத்தாகி ஏழு வருஷமாகிறது. அவரைப் பற்றிக் கதைக்கும்போது மட்டும் அகீலாவின் கைகள் எதையும் நெரிக்காமல் சும்மா இருக்கும்.

கொரியாவில் இயந்திரம் செய்த வேலையை இங்கே இரண்டு வாளியால் செய்துகாட்டுவார். ஒன்றில் கிணற்றுத் தண்ணீர், மற்றதில் புத்தளம் உப்பளத்தின் கடைசிப் பாத்தியிலிருந்து கொண்டுவந்த தண்ணீர், நாளைக்கே உப்பாகிவிடும் போன்ற கனத்த தண்ணீர். நறுக்கிய பிளாஸ்டிக் எல்லாவற்றையும் முதலில் கிணற்றுத் தண்ணீரில் கொட்டுவார். பொலித்தீனும் கயிறும் மிதக்கும். தாழ்ந்ததை அள்ளி உப்பளத் தண்ணீரில் போட்டால் நைலோன் வலைத் துண்டுகள் மேலே வரும், சோடாப் போத்தல் துண்டுகள் அப்போதும் அடியிலேயே கிடக்கும். மூன்று சாமானும் மூன்று குவியல். "அவங்கட மெசின் கோடிக் கணக்குல. எங்கட மெசின் உப்புப் பாத்தி," என்று வாளியைத் தட்டுவார். எத்தனை தடவை செய்தாலும் நைலோன் மேலே வருகிற நேரத்தில் அவருக்கு மூச்சு நின்றுதான் வரும்.

உப்பங்கழிக் களப்பின் கரையிலுள்ள எத்தாளையில் மீனவர்களோடு பழக்கம் வந்தது இந்த வாளிகளால்தான். கிழிந்த நைலோன் வலைகளைக் கரையில் போட்டுக் கொளுத்துவது அங்கே வழக்கம். கொளுத்தாமல் தனக்குத் தரும்படி அகீலா கேட்டார். தந்தவர்களுக்கு, அந்த வலையையே உருக்கி அச்சில் வார்த்த வலை ஊசி ஒன்றைத் திருப்பிக் கொடுத்தார். கரையில் எல்லோருக்கும் அண்ணன் முறையான ஜபார் நானா அந்த ஊசியை வாங்கி, வளைத்து, கடித்து, காதுக்குள் விட்டும் பார்த்துவிட்டு, "சாமான் பரவாயில்ல," என்றார். ஜபாருக்கு அறுபது வயது. நாற்பத்தைந்து வருஷத்துக்கு மேலாகக் களப்பில் நண்டு வலை விடுகிறவர். அவர் பரவாயில்லை என்றால் கரை முழுதும் பரவாயில்லை. அவர் வேண்டாம் என்றால் அங்கே ஒரு துண்டுக் கயிறுகூட விலைபோகாது.

அகீலாவின் ஏழு வருஷ உழைப்பு ஒரு நூல். பார்வைக்கு நைலோன் நூல் மாதிரியே இருக்கும். ஆனால் ஒரு வருஷம் உறுதியாக நின்று, அதற்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக உக்கிக் கடலோடு போய்விட வேண்டும் என்பது கணக்கு. காரணம் இலேசானது. அறுந்துபோன நைலோன் வலை களப்பின் அடியில் கிடந்து, ஆளில்லாமலே வருஷக் கணக்காக நண்டையும் மீனையும் பிடித்துக் கொன்றுகொண்டிருக்கிறது. "எடுக்க ஆளில்லாத வல நாய் மாதிரி, கட்டிப் போட்டவன் செத்தாலும் கடிக்கும்," என்று அதை ஜபாரே சொல்லியிருக்கிறார். வேலை முடிந்ததும் சாகத் தெரிந்த வலை ஒன்று வேண்டும் என்று அகீலா சொன்னபோது ஜபாருக்கு உடனே விளங்கியதும் அதனால்தான்.

ஆய்வுகூடத்தில் களப்புத் தண்ணீர் நிறைத்த கண்ணாடித் தொட்டிகளில் அந்த நூல் ஒரு வருஷம் ஊறிக் கிடந்தது. சிலாபத்துப் பக்கத்து ஆள் கிளைட்டன்தான் தொழில்நுட்ப உதவியாளர். நாள் தவறாமல் உப்பையும் சூட்டையும் அளந்து எழுதினார். ஒவ்வொரு மாதமும் ஒரு துண்டை எடுத்து இழுத்துப் பார்த்தார்கள். முந்நூற்று அறுபத்தைந்தாம் நாளும் நூல் நன்றாக நின்றது. கிளைட்டன் அன்று கேக் வாங்கிவந்தார். ஜனவரியில் எத்தாளையில் ஆறு பேருக்கு அந்த நூலில் பின்னிய நண்டு வலைகளைக் கொடுத்தார்கள். முதல் வலையை வாங்கியவர் ஜபார்.

ஜூன் மாதம் ஆறு வலைகளும் போயின. தூக்கும்போதே கண்ணிகள் பொட்டுப்பொட்டென்று விட்டன. நண்டு கொழுத்திருந்த காலம் அது. ஜபாரின் வலை களப்பு நடுவிலே இரண்டாகப் பிரிந்து, அன்றைய நண்டெல்லாம் தண்ணீருக்குள் திரும்பிப் போனது.

அன்று நடந்த கூட்டத்தில்தான் அகீலா அந்தப் பிழையை விட்டார். அவர் கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை. தொட்டியில் ஒரு வருஷம் நின்ற நூல் இங்கே ஐந்து மாதத்தில் எப்படிப் போகும் என்ற குழப்பத்தில், எல்லோருக்கும் முன்னால், "நானா, கல்லுக்குள்ள கில்லுக்குள்ள இழுத்தீங்களோ?" என்று கேட்டுவிட்டார்.

ஜபார் மடியிலிருந்த வலைத் துண்டைக் கீழே வைத்தார். பிறகு, "தங்கச்சி, நான் வல இழுக்கத் தொடங்கேக்க நீங்க பொறந்திருக்கமாட்டீங்க," என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனார்.

அடுத்த வாரம் ஆறு வலைகளும் திரும்பி வந்தன. கழுவி, காயவைத்து, மடித்து, கயிறு போட்டுக் கட்டித் தந்திருந்தார்கள். அதைத்தான் அகீலாவால் தாங்க முடியவில்லை. வீசி எறிந்திருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். வலைகளைப் பல்கலைக்கழகத்து வான் வண்டியில் ஏற்றும்போது கிளைட்டன், "மிஸ், அறிக்கையில பாவிச்ச முறையில பிழை எண்டு போடுவமா?" என்று கேட்டார். அகீலா மறுக்காமல் அடுத்த வலைக் கட்டைத் தூக்கி உள்ளே வைத்தார். கிளைட்டன் அப்படியே எழுதிவைத்தார்.

ஆய்வின் இரண்டாம் கட்டம் டிசம்பருக்குள் தொடங்க வேண்டும். அதற்குக் கடலில் வலை விடுகிற ஒருவர் வேண்டும். ஜபார் கைவிட்டால் எத்தாளை கைவிடும், எத்தாளை கைவிட்ட நூலை வேறு எந்தக் கரையும் தொடாது. ஏழு வருஷம் ஒரு சஞ்சிகைக் கட்டுரையாகிக் கொப்பிக்குள் கிடக்கும். நைலோன் தன்பாட்டில் களப்பின் அடியில் கிடந்து கடித்துக்கொண்டிருக்கும். அகீலா அந்த நாட்களில் சாப்பாட்டு மேசையில்கூட அறுந்த நூலின் நுனியைப் பூதக்கண்ணாடியால் பார்த்துக்கொண்டிருந்தார். முபாறக் பகிடிவிடுவதை நிறுத்திக்கொண்டார்.

விடை உடுப்புக் கொடியில் இருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை, பல்கலைக்கழகம் விடுமுறை. முபாறக்கின் ஜும்ஆத் தொழுகை உடுப்பை எடுக்கப் போனவரின் கையில் உடுப்புக் கிளிப் ஒன்று சட்டென்று முறிந்தது. மற்றதை நெரித்தார், அதுவும் முறிந்தது. அதே நாளில் வாங்கி, வெயில் படாமல் உள்ளே பெட்டிக்குள் கிடந்த கிளிப்பை எடுத்து நெரித்தார். அது வளைந்து, திரும்பி நிமிர்ந்தது. இரண்டு வகைக் கிளிப்பையும் இரண்டு கையில் வைத்துக்கொண்டு அகீலா வெயிலிலேயே நின்றார். பிறகு உள்ளே ஓடிவந்து ஜபாரின் மனைவி ஹவ்வாவுக்கு, அக்கா முறையில் தாத்தா என்று தான் கூப்பிடுகிறவருக்கு, போன் எடுத்தார்.

"தாத்தா, வல எப்பயும் தண்ணிக்குள்ளதானே இருக்கும்?"

"இதென்ன கேள்வி மகள்? வெள்ளிக்கிழம யாரு கடலுக்குப் போறது? வியாழன் காலயில வலய எடுத்தா, கம்புல போட்டுக் காயவிட்டு, பாசியெல்லாம் உதிர்ந்த பொறகு வெள்ளி பின்னேரம் அசர் தொழுகைக்குப் பொறகுதானே விடுவாங்க."

"ரெண்டு நாளும் வெயில்லயா?"

"வெயில்ல காஞ்சாத்தானே பாசி உதிரும். நோம்பு மாசமெண்டா முழுக்கக் கம்புலதான். நோம்போட யாரால வல இழுக்க ஏலும்?"

அகீலா போனை வைத்துவிட்டுக் கதிரையில் உட்கார்ந்தார். கிளைட்டன் எழுதிய அட்டவணை முழுதும் மனக்கண்ணில் வந்தது. முந்நூற்று அறுபத்தைந்து நாளும் தண்ணீர். அதில் ஒரு வியாழன் இல்லை, ஒரு வெள்ளி இல்லை, நோன்பு மாதம் இல்லை. தன் நூலுக்குத் தண்ணீரைக் காட்டினார், உப்பைக் காட்டினார், வெயிலைக் காட்டவேயில்லை. கடலுக்குள் கிடக்கிற சாமானுக்கு வெயில் எதற்கு என்று கொரியாவில் படித்த மூளை நினைத்திருந்தது.

ஜும்ஆ முடிந்து வந்த முபாறக், மனைவி அழுதுகொண்டிருப்பதைக் கண்டு பதறிப்போனார்.

"முப்பது நோம்பும் புடிச்சவ நான்," என்றார் அகீலா. "வெள்ளிக்கிழம எண்டா கறி வெச்சுக் குளிச்சுச் சட்ட மாத்துறவ. எனக்கு வெள்ளிக்கிழமய மறந்துட்டே. வெள்ளிக்கிழம இல்லாத ஒரு கடலச் செஞ்சு வெச்சுக்கிட்டு, அந்த மனுசன்ட கையக் குற சொன்னேனே!"

முபாறக் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டுவந்து வைத்தார். அதில் சீனி போட மறந்திருந்தார். அகீலா அதைக் குடித்து முடித்தார்.

நூலை மாற்றிச் செய்து ஒரு வலை பின்னி முடிக்க மூன்று வாரம் பிடித்தது, முடிந்த மறுநாளே கிளைட்டனையும் கூட்டிக்கொண்டு எத்தாளைக்குப் போனார். ஜபார் வாடிக் குடிசையின் நிழலில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார், சுற்றிவர ஐந்தாறு பேர். ஹவ்வா கதிரை கொண்டுவந்து வைத்தும் அகீலா உட்காரவில்லை.

"நானா, பிழ உங்கட கையில இல்ல. என்னில. நான் நூலத் தண்ணிக்குள்ளயே வெச்சுப் பாத்தன். வெள்ளிக்கிழம வெயில்ல கிடக்கும் எண்டு நெனச்சே பாக்கல. எல்லாருக்கும் முன்னால கேட்டன், அதால எல்லாருக்கும் முன்னாலயே சொல்லுறன். மாப்புத் தாங்க."

ஒருவர் இருமினார். ஜபாரின் ஊசி நிற்காமல் கண்ணிக்குள் போய் வந்துகொண்டிருந்தது.

"எழுதிட்டீங்களா?" என்று கடைசியில் கேட்டார். "எங்கட பிழ எண்டு உங்கட பேப்பர்ல?"

கிளைட்டன் தலையைக் குனிந்தார். "அது நான் எழுதினது, ஐயா. விசயம் விளங்கின அண்டைக்கே மிஸ் வெட்டிட்டாங்க. ஆய்வுகூடத்துப் பிழை எண்டு மாத்தி அனுப்பியாச்சு."

அதற்கு ஜபார் தலையாட்டினாரா, கழுத்தை நிமிர்த்தினாரா என்று சொல்ல முடியாது.

"சரி, இனி வெயிலுக்கு நிக்குமா?"

"தெரியா, நானா." அகீலா அப்போதுதான் கதிரையில் உட்கார்ந்தார். "வெயிலுக்கு ஒரு மருந்து இருக்கு. கூடச் சேத்தா எத்தின வெயிலுக்கும் நிக்கும். ஆனா பொறகு அது சாகாது. நைலோன் மாதிரி அடியில கிடக்கும். கொறயச் சேத்தா ஒழுங்காச் சாகும், ஆனா வெயில் கன நேரம் தாங்காது. நான் கொறயத்தான் சேத்திருக்கன். இது எத்தின நாள் நிக்குமெண்டு என்னட்ட இப்ப கணக்கில்ல."

நிழலில் போட்டு வையுங்கள் என்று கேட்க வாய்வரை வந்தது. ஆனால் வெயிலில்லாமல் பாசி போகாது, பாசியோடு வலை விட முடியாது. அவர்களுடைய வெள்ளிக்கிழமையை மாற்றச் சொல்லத் தனக்கு என்ன உரிமை என்று வாயை மூடிக்கொண்டார். புதிய நூலில் பின்னிய ஒரே ஒரு வலையைப் பையிலிருந்து எடுத்தார். சுற்றியிருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் கை நீட்டவில்லை.

"வெச்சிட்டுப் போங்க," என்றார் ஜபார், நிமிர்ந்து பார்க்காமல்.

அகீலா வலையைத் தோணியின் பலகைமேல் வைத்துவிட்டு வந்தார். ஜபாரிடமிருந்து வேண்டும் என்றும் இல்லை, வேண்டாம் என்றும் இல்லை. திரும்பும் வழியில் வான் பாலாவிச் சந்திக்கு வந்ததும், "மனுசன் எறிஞ்சிருவாரோ, மிஸ்?" என்று கேட்டார் கிளைட்டன். "எறிஞ்சா எறியட்டும். அவருக்கு அந்த உரிம இருக்கு," என்றார் அகீலா. சொன்ன கையோடு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

ஒரு மாதமாக எத்தாளைக்குப் போன் எடுக்கவில்லை. எடுத்தால் பதில் வந்துவிடும் என்ற பயம். கணக்குப் பார்க்கிற ஒருவருக்குப் பதிலுக்குப் பயப்படுவது வெட்கமான விஷயம், அது அவருக்கும் தெரியும். வகுப்பெடுத்தார், வீட்டில் உப்புத் தண்ணீர் வாளிகளை மாற்றினார், ஆய்வுகூடத்தின் மொட்டைமாடியில் கம்பு நட்டு நூலைக் காயப்போட்டார். கிளைட்டனின் அட்டவணையில் இப்போது வியாழனும் வெள்ளியும் தனி நிறத்தில் இருந்தன.

பொறுக்க முடியாமல் ஒரு வெள்ளிக்கிழமை தானே வானை ஓட்டிக்கொண்டு போனார். எத்தாளைக்குப் போய்ச்சேரும்போது பள்ளிவாசலில் குத்பாப் பிரசங்கம் நடந்துகொண்டிருந்தது. ஒலிபெருக்கியில் இமாமின் குரல் தவிரக் கரையில் ஒரு சத்தமில்லை, ஆண்கள் எல்லோரும் பள்ளியில். கம்புகளில் வரிசையாக வலைகள் காய்ந்துகொண்டிருந்தன. அகீலா ஒவ்வொன்றாகத் தொட்டு, நெரித்து, காதில் வைத்துக் கேட்டுக்கொண்டே போனார். நைலோன். நைலோன். இதுவும் நைலோன். கடைசிக் கம்புவரை போய்த் திரும்பினார். தன் வலை அங்கே இல்லை.

சரி, முடிந்தது என்று நினைத்தார். சலாம் சொல்லிவிட்டாவது போகலாம் என்று ஜபாரின் வளவுக்குள் நுழைந்தார்.

வளவின் நடுவில், மரச்சட்டத்தில் மாட்டியபடி, ஜபாரின் போட் எஞ்சின் மொட்டை வெயிலில் நின்றது. எத்தாளையில் அப்படி ஒரு காட்சியைக் காண முடியாது. அந்தக் கரையில் எஞ்சின் என்பது வீட்டில் ஒரு பிள்ளை. கடலால் வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, மூடித்தான் வைப்பார்கள். ஜபாரின் எஞ்சினுக்கு ஹவ்வா பழைய திரைத்துணியை இரண்டு மடிப்பாகப் போட்டுத் தைத்த உறை ஒன்று இருந்தது. அந்த உறை இப்போது எஞ்சினில் இல்லை. சற்றுத் தள்ளி, ஒரு மீன் கூடையின் மேல், நாலு மூலையிலும் கல் வைத்து மூடியிருந்தது.

அகீலா குனிந்து ஒரு கல்லை நகர்த்தினார். உறைக்கடியில், ஈரம் காயாமல், அழகாக மடித்தபடி அவருடைய வலை. ஒரு பொட்டுப் பாசி இல்லை.

"தொடாதீங்க மகள், வெயில் பட்டுரும்!" ஹவ்வா குசினி வாசலிலிருந்து கத்தினார். பிறகு ஆளை அடையாளம் கண்டு, கையைத் துடைத்துக்கொண்டு சிரித்தபடி வந்தார். "நீங்களா? நான் வேற யாரோ எண்டு பயந்துட்டன். அதக் காயப் போட விடமாட்டாராம். ஒவ்வொரு வியாழக்கிழமையும் அவரும் நானும் உக்காந்து ஈரத்தோட பாசியக் கையால பொறுக்குறம். என்ட நகத்தப் பாருங்க, பச்சயாப் போயிட்டு."

"எஞ்சின் வெயில்ல நிக்குதே, தாத்தா," என்றார் அகீலா.

"நானும் அதத்தான் கேட்டன். அது இரும்பாம், தாங்குமாம். இது சாகப் பொறந்த சாமானாம், நாமதான் பாத்துக்கணுமாம். உங்களுக்கிட்டச் சொல்ல வேணாமெண்டும் சொன்னாரு. நான் சொன்னதா சொல்லிராதீங்க."

எஞ்சினின் மேல்மூடி இரும்பில்லை, அதுவும் பிளாஸ்டிக் வகைதான் என்று அகீலா சொல்லவில்லை. உறையைப் பழையபடி இழுத்து மூடினார். நகர்த்திய கல்லைத் திரும்ப அதே இடத்தில் வைத்தார். பள்ளியில் குத்பா முடிந்து தொழுகைக்கு இகாமத் கேட்டது. ஹவ்வா தேத்தண்ணி வைக்க உள்ளே போனார். அகீலா வானுக்குப் போய் ஆசனத்துக்கடியில் கிடந்த குடையை எடுத்துவந்தார். அதை விரித்து எஞ்சினுக்கு மேலே பிடித்துக்கொண்டு, ஜபார் வருகிற வழியைப் பார்த்தபடி வெயிலில் நின்றார்.